நீலப் பொடி

"மறுபடியும் உங்க வீட்டுலதாம்மா ஒழுகுது. இன்னைக்குக் காலையிலதான் அலாரம் வந்துச்சு."

பையும் கையுமாக வாசலில் நின்றார் மீட்டர்காரர். இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது முறை.

"என் வீட்டுக் குழாய்க்கு என்மேல அப்படி என்ன கோபமோ! வாங்க சார்," என்று கதவை அகலத் திறந்தாள் தையல்காரம்மா.

தண்ணீரையும், அதை மேலேற்றும் கரண்டையும் மிச்சம் பிடிக்கத் தெரு முழுக்கப் புது மீட்டர் மாட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் விடாமல் சொட்டினால் போதும், மீட்டர் நேரே ஆபீசுக்குப் போட்டுக்கொடுத்துவிடும். ஆள் வந்து நிற்கும்.

வாசலோரம் இருந்த அந்த மீட்டரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கழிவறைத் தொட்டியில் நீலப் பொடியைக் கரைத்தார்.

"கீழே பீங்கான்ல நீலம் இறங்கினா தொட்டி ஒழுகுதுன்னு அர்த்தம். அரை மணி நேரம் காத்திருக்கணும்."

"தெரியுமே. நாலு தடவை காத்திருந்தோமே."

கை கழுவக் குழாயைத் திறக்கப் போனவரைத் தடுத்து, குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றினாள். "மிச்சம் பிடிங்கன்னு நீங்கதானே சொல்றீங்க?"

டீயும் குடத்துத் தண்ணீரில்தான் போட்டாள்.

கணவர் போய் நாலு வருடம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசுவது தையல் மெஷின் மட்டும்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவைச் சொல்வார்கள், அவசரம் என்பார்கள், போய்விடுவார்கள். உட்கார்ந்து டீ குடிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

"இந்தத் தடவை எந்தப் பட்டன் சார்?"

"வலது கைப் பட்டன்," என்றார் சங்கடமாக.

"போன தடவை இடது கை. உங்க சட்டையில பட்டன் நிக்கவே நிக்காதா? கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க?"

"டிவியைப் போட்டு விடுவேன். பார்க்க இல்லம்மா, சும்மா சத்தத்துக்கு."

"நீங்களே கரண்டை இப்படி வீணாக்கலாமா?"

இருவரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தொட்டி ஒழுகலை. மீட்டர்லதான் ஏதோ கோளாறு."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

அவர் பையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

"திங்கட்கிழமையில இருந்து புது உத்தரவும்மா. வண்டி சும்மா சுத்தி பெட்ரோல் வீணாகுதாம். இனிமே கம்ப்யூட்டர் சீட்டு கொடுத்தாத்தான் ஒரு வீட்டுக்குப் போக முடியும்."

"ஒழுகினா சீட்டு வருமில்ல?"

"ஒழுகினா வரும். ஆனா உங்க வீட்டுல இனிமே ஒழுகாதும்மா." நல்ல செய்தியை அவர் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு மீட்டர் பக்கத்தில் குனிந்து, சந்தேகம் தீர்ந்துபோகட்டும் என்று இரண்டு நாளைக்கு முன்பே ஒரு சொட்டும் உள்ளே வராதபடி இறுக்கி மூடியிருந்த மெயின் வால்வைத் திறந்துவிட்டாள்.

உள்ளே போனாள். சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி லேசாகத் திறந்து வைத்தாள். தண்ணீர் வீணாகாதபடி கீழே ஒரு வாளியையும் வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்குக் காத்திருந்தாள்.