யாரைக் கேட்டு?

“யாரைக் கேட்டு ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணின?”

ஆல்பின் மேசையில் அறைந்த வேகத்தில் காபி தளும்பியது. ஸ்வீடனில், உப்சாலா மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வழக்கம்போல இலவங்கப்பட்டை பன் இருந்தது. யாரும் தொடவில்லை.

யானெகே நெதர்லாந்திலிருந்து ஒரு வருடம் படிக்க வந்தவள். அவளை விடுதியில் வைத்துக்கொள்வதா, துரத்துவதா என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். இந்த ஊரில் வேறு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

“உதடெல்லாம் நீலமாயிடுச்சு. மூச்சே இல்ல. அப்போ யாரைக் கேக்கறது?” என்றாள்.

“கூப்பிட்டதுகூடப் பரவாயில்ல. போதை மாத்திரை போட்டதை ஏன் சொன்ன? மயக்கம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாம எப்படி வைத்தியம் பாப்பாங்க? எங்க ஊர்ல யாரும் மறைக்க மாட்டோம். மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடி சோதிச்சுச் சொல்றதுக்கே இடம் இருக்கு.”

“இது உங்க ஊர் இல்லம்மா. இங்க கையில ஒண்ணும் இல்லன்னாலும், போட்டுக்கிட்டதே குத்தம். ஆம்புலன்ஸ் பின்னாடியே போலீஸ் வந்துச்சு, பாத்தேல்ல?”

ஆல்பின் கையிலிருந்த பிளாஸ்திரியைக் கீறினான். “சோதனைக்கு ரத்தம் எடுத்துட்டாங்க. சட்டம் படிக்கறவன் மேலேயே வழக்கு. இனி எவன் எனக்கு வேலை குடுப்பான்? உன் ஒரு போன்ல என் வாழ்க்கையே நாசமாப் போச்சு.”

பக்கத்து அறை டூவா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இங்க ஒரு பழக்கம் இருக்கு, யானெகே. யாராவது சாஞ்சா, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டுக் காத்திருப்போம். முக்கால்வாசிப் பேர் தானா எழுந்துடுவாங்க.”

“மிச்சக் கால்வாசி?”

டூவா குனிந்து பன்னைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

யானெகேவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை விருந்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை மண்டியிட்டு வாயில் வாய் வைத்து மூச்சு ஊதியது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவதில் மும்முரமாக இருந்தார்கள். சீ, இவர்களோடா இத்தனை நாள் ஒரே அடுப்பில் சமைத்தோம் என்றிருந்தது.

“காட்டிக் குடுத்தவளோட ஒரே சமையலறையில இருக்க முடியாது. அவ அறையைக் காலி பண்ணணும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க” என்று சொல்லி, முதல் கையைத் தூக்கினான் ஆல்பின்.

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில் டூவாவின் கையும் பாதி உயர்ந்தது.

யானெகே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சரி, போறேன். இந்தத் தடவை உன்னைக் கேக்காமப் பண்ணிட்டேன், ஆல்பின். அடுத்த தடவை நீ இதே மாதிரி மூச்சில்லாமத் தரையில கெடக்கும்போது, உன்னைக் கேட்டுட்டே போன் பண்ணச் சொல்லு இவங்களை.”