ஏழாம் நம்பர் கருவி

"காலையில பொய் சொன்ன கருவியைப் பிடிச்சுட்டீங்க. இப்போ வேற ஒண்ணுல பொய்யை ஏத்தியிருக்கேன். அதையும் பிடிச்சுட்டா ஆர்டர் உங்களுக்குத்தான்," என்றார் தீயணைப்பு அதிகாரி.

அக்கா மடிக்கணினியைத் திறந்தாள். தங்கை நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். வீட்டு முன்னறையைப் பட்டறையாக்கி இந்தக் கருவிகளைச் செய்ய இருவரும் மாடாய் உழைத்ததெல்லாம் இந்த ஒரு சோதனைக்குத்தான்.

கீழே, கார் நிறுத்தும் தளத்தில் எட்டு வீரர்கள் ஆளுக்கொரு செய்திக் கருவியோடு நடந்துகொண்டிருந்தார்கள். அங்கே டவர் எட்டாது. ஒருவரின் செய்தி, வாசலுக்கு அவரைவிடப் பக்கத்தில் இருப்பவரின் கருவிக்குத் தாவித் தாவித்தான் வெளியே வரும். ஒரு கருவி 'நான் வாசலில் இருக்கிறேன்' என்று புளுகினால் போதும், எல்லாச் செய்தியும் அதனிடம் போய் மாட்டிக்கொள்ளும்.

"இருக்கிற இடத்தைச் சொன்னதும் நம்பிட மாட்டோம் சார்," என்றாள் அக்கா. "சிக்னல் வர்ற நேரத்தை அளந்து, அக்கம்பக்கத்துக் கருவிங்க சாட்சி சொல்லணும். இல்லைன்னா தள்ளி வச்சிடுவோம். அப்புறம் அது கத்தினாலும் யாரும் கேட்க மாட்டாங்க."

திரையில் ஏழாம் நம்பர் மட்டும் சந்தேகம் என்று மஞ்சளாக மினுங்கிவிட்டுப் பச்சைக்கு மாறியது.

தங்கை காதைக் கடித்தாள். "ஏழுதான்க்கா. சொல்லித் தொலை."

"அந்த வீரர் தூணுக்குப் பின்னால நிக்கிறாருடி. சிக்னல் சுத்திக்கிட்டு வருது. பக்கத்துல ரெண்டு கருவி சாட்சி சொல்லியாச்சு, பாரு."

"முன்னாடி வந்த கம்பெனிக்காரங்களும் ஏழுன்னுதான் சொன்னாங்க," என்று அதிகாரி எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லிட்டுப் போகட்டும் சார். எட்டுக் கருவியும் உண்மைதான் பேசுது. இல்லாத பொய்யை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

தங்கை, ஆர்டர் போனது போனதுதான் என்று வயர்களைச் சுருட்டிப் பையில் போட ஆரம்பித்தாள்.

"கடைசியா கேட்கறேன். ஏழு இல்லையா?"

"இல்ல சார்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போன தீ விபத்துல இப்படித்தான் ஒருத்தன் தூணுக்குப் பின்னால சிக்கிக்கிட்டுக் கூப்பிட்டான். பொய்க்காரன்னு பழைய கருவிங்க அவனைத் தள்ளி வச்சிடுச்சும்மா. தவழ்ந்து வெளியே வந்து உயிர் பிழைச்சான். இப்போ ஏழாம் நம்பரோட நிக்கிறது அவன்தான், என் மகன். நான் எந்தக் கருவியிலயும் பொய்யை ஏத்தவே இல்லை."