ராசியில்லாத கை

கதவைத் திறந்த நீலகண்டனின் வலது கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததுமே முத்துக்குமரன் வாசலிலேயே கத்தினான்.

"அண்ணே, தொட்டிக்குள்ள கைய விடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"செத்த எறால எடுத்தேன்டா. கெடந்து நாறட்டுமா?"

அந்தக் கோவில்பத்து வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடல் கண்ணாடித் தொட்டிக்குள் நின்றது. அசல் கடல் வண்டியை எடுத்தால் எட்டிவிடும் தூரம்தான். இருந்தும் உப்பைப் பாக்கெட்டில் வாங்கிக் கரைத்துப் பவளம் வளர்க்கிற பைத்தியங்கள் காரைக்காலில் இரண்டே பேர். ஒருவர் நீலகண்டன்; அவருக்கு அதைத் தொற்றவைத்தவன் ஆபீஸில் பக்கத்து மேஜை முத்துக்குமரன். அவசரப்பட்டுத் தன் முதல் தொட்டியைச் சுடுகாடாக்கிய தகுதியில் அவனே இவருக்கு ஆலோசகன்.

ஆரஞ்சு மீன்கள் இரண்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன. நத்தைகள் போன மாதமே போய்ச் சேர்ந்திருந்தன. பவளம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"மறைக்காம சொல்லுங்கண்ணே. சீக்கிரம் வளரட்டும்னு எதாவது மருந்து ஊத்துனீங்களா?"

"நீ சொன்னதத் தவிர ஒரு சொட்டு ஊத்தலடா."

"அப்புறம் எப்புடி? பொறுமை, பொறுமைன்னு நானும் தொண்ட கிழியக் கத்துறேன், நீங்க..."

அடுப்படியிலிருந்து நீலகண்டனின் மனைவி தமிழரசி எட்டிப் பார்த்தாள். இரண்டு கையிலும் புளி.

"அவர வையாதீங்க தம்பி. தப்பு என் மேலதான்."

நீலகண்டன் தலை குனிந்துகொண்டார்.

"தெனம் தொட்டியில வத்துற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துறது நான்தான். நான் வச்ச மல்லிச்செடி பட்டுப்போச்சு. வயித்துல வந்ததும் தங்கல. 'ராசியில்லாத கை'ன்னு எங்க மாமியா சொன்னப்ப சண்ட போட்டேன். இப்ப பாருங்க." கரண்ட் போனதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம தொட்டிய நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க. ஒங்க கையிலயாவது பொழைக்கட்டும்."

எந்த இழவு வீட்டிலும் ஒரு ஜோக்கை எடுத்து வீசிவிடுகிற முத்துக்குமரன் இப்போது குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டான்.

தமிழரசி கையைக் கழுவிவிட்டு டம்ளரை நீட்டினாள். "நேத்தே மிஷின்ல புடிச்சு வச்ச தண்ணி. ராத்திரி முழுக்க ஊறுனா ஒடம்புக்கு நல்லதாம். அதுங்களுக்கும் இதத்தான் ஊத்துறேன். நமக்கு நல்லதுன்னா வாயில்லா ஜீவனுக்கும் நல்லதுதானே?"

ஒரு மடக்குக் குடித்தான். நாக்கில் பழைய காசை நக்கியதுபோல் ஒரு ருசி. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் ஓடினான்.

மேடையில், குழாய் வைத்த செம்புப் பானை ஒரு பக்கம் புளி அப்பி, மறுபக்கம் பளபளவென்று நின்றது.

"அண்ணி! செம்புதான் எமன்! மீனு தாங்கிக்கும். எறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. எத்தன நாளா இதுல ஊத்தி வைக்கிறீங்க?"

"தொட்டி வந்த நாள்லேர்ந்து."

"அவ்வளவுதான்! ஒங்க கைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாளைக்கே பிளாஸ்டிக் கேன் கொண்டாறேன், தண்ணிய மாத்துவோம், பொறுமையா மறுபடி வளப்போம்." மூச்சு வாங்கியது. அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் அவனுக்கு. "ஆமா, இந்தப் பானைய எந்த மடையன் ஒங்களுக்கு வாங்கிக் குடுத்தான்?"

தமிழரசி நீலகண்டனைப் பார்த்தாள். நீலகண்டன் மீனைப் பார்த்தார்.

அவள் முந்தானையால் புளியை வழித்துவிட்டுப் பானையை மெல்லத் திருப்பி வைத்தாள். புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகள் மின்னின: 'புதுமனை புகுவிழா அன்பளிப்பு - ஆ. முத்துக்குமரன்.'

அவன் இரண்டு தரம் படித்தான். பிறகு தன் வலது கையைத் தூக்கி அவளிடம் காட்டினான்.

"அண்ணி, ராசியில்லாத கை இதுதான்."