மாறிப்போன கை

"டான்ஸ் டீச்சராம் டீச்சர்! வலது கை எது, இடது கை எதுன்னு தெரியல!"

மேடையை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனாருடைய அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விழா. குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஆடிய ஒரே ஆட்டம். எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்தால், சொல்லிக்கொடுத்த டீச்சர் மட்டும் இடப்பக்கம். முட்டிக்கொண்டது வேறு. மைக் பிடித்திருந்தவனே சிரித்துவிட்டான்.

"மன்னிச்சிருங்க அண்ணி. வகுப்புல பிள்ளைங்களைப் பார்த்து நின்னுதானே ஆடிக் காட்டுவேன்? நான் இடது கையைத் தூக்கினாதான் எதிர்ல நிக்கிறதுங்க வலது கையைத் தூக்கும். அந்தப் பழக்கம் வந்திருச்சு."

"ஒத்திகையில வரலையே அந்தப் பழக்கம்? ஒரு மாசமா எங்களை என்ன விரட்டு விரட்டினே!"

டீச்சர் குனிந்து காலிலிருந்த சலங்கையைக் கழற்றினாள்.

"என் சிநேகிதிங்களை எல்லாம் உனக்காகத்தான் கூப்பிட்டேன். 'என் தம்பி பொண்டாட்டி புதுசா டான்ஸ் கிளாஸ் வெச்சிருக்கா, வந்து பாருங்க'ன்னு வாய் வலிக்கச் சொன்னேன். இனிமே எவ பிள்ளையைச் சேர்ப்பா?"

"பரவாயில்ல அண்ணி."

"உனக்குப் பரவாயில்ல. எனக்கு? கையை மாத்தித் தூக்கி மானத்தை வாங்கிடுவான்னு பெத்த பொண்ணையே நேத்து ஆட்டத்துலேருந்து நிறுத்தினேன். கடைசியில நீ வாங்கிட்டே!"

நாத்தனார் மகளுக்கு எட்டு வயது. தாத்தா முன்னால் ஆடிக் காட்டணும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். வரிசையில் நிறுத்தினால் போதும், வலது இடது குழம்பிவிடும். "நீ ஆட வேணாம், கீழே தாத்தா பக்கத்துல உட்காரு" என்று அம்மா சொன்னதிலிருந்து ஒரே அழுகை.

"எங்கே அவ? இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

"ஏம்மா, இங்கே வா!" முன்வரிசையிலிருந்து அப்பா கூப்பிட்டார். முகமெல்லாம் பல். கையில் செல்போன். "உங்க ஆட்டத்தை யாரு பார்த்தா? நான் இதைத்தான் படம் எடுத்தேன்."

படத்தில் மேடை ஓரமாகத்தான் தெரிந்தது. தாத்தாவின் நாற்காலிக்கு முன்னால், மேடையைப் பார்த்து நின்று மகள் ஆடிக்கொண்டிருந்தாள். வலது கை தூக்க வேண்டிய இடத்தில் வலது கை. இடது காலுக்கு இடது கால். பிசகவே இல்லை.

"இவளா? யாருடி உனக்கு..."

அம்மாவைத் தாண்டி ஓடிப்போய் டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் அவள்.

"அத்தை! நீங்க சொன்ன மாதிரியே உங்களை மட்டும் பார்த்து ஆடினேன். ஒரு இடத்துலகூட கை மாறல!"