கதவு பூட்டேல்ல

"புள்ள, காலமை எட்டு மணிக்கு ஒரு மெசேஜ் தானாப் போகவேணும். இதில செஞ்சு தாங்கோ."

துறைமுகத்தில கிரேன் ஓட்டி ஓய்வெடுத்த ஜமால்தீன் ஃபோனை நீட்டினார். பஸ்மியாவின் ஃபோன் கடைக்கு வாரத்தில நாலு நாள் வருவார். எழுத்தைப் பெருசாக்கவேணும், சத்தத்தைக் கூட்டவேணும், ஏதாவது ஒரு சாட்டு.

"என்ன மெசேஜ் மாமா?"

"'கதவு பூட்டேல்ல, வாங்கோ.' மிச்சத்தை நான் எழுதிக்கொள்ளுறன்."

பஸ்மியாவுக்குப் பகீரென்றது. மனுசி மௌத்தாகி, அடக்கி ஒரு வருசம் ஆகேல்ல. மனுசனுக்கு வந்த ஆசையைப் பாருங்கோவன்!

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். ஆனா ஏழரைக்கு 'அனுப்பவா' எண்டு ஃபோன் என்னட்டக் கேக்கவேணும். வேணாமெண்டு அமத்தினால் போகப்படாது. நான் ஒண்டும் சொல்லாட்டி மட்டும் போகட்டும்."

ஊருக்குப் பயந்த காதலாக்கும் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு முடித்தாள். "ஆருக்கு? நம்பரைச் சொல்லுங்கோ."

அவர் ஃபோனை வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு தானே நம்பரை அடித்தார். மறைக்கிற அளவுக்கு வந்திட்டுது!

அதன்பிறகு தினமும் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் வந்து நிற்பார்.

"நல்லா வேலை செய்யுது புள்ள. இண்டைக்கும் நிப்பாட்டிட்டன்." முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு கிழமை பொறுத்தாள். எட்டாம் நாள் வாயை அடக்க ஏலாமல் போயிற்று.

"மாமா, நாலு பொம்பிளையள் வந்து போற கடை இது. அந்தக் கதையோட இனி இஞ்ச வராதீங்கோ. வயசுக்கேத்த வேலையப் பாருங்கோ."

ஜமால்தீன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி மகள்," என்று படியிறங்கிப் போனார்.

பிறகு அவர் வரவேயில்லை. தொல்லை விட்டது என்று பஸ்மியாவும் இருந்துவிட்டாள். காலமையில் மட்டும், அவர் வருகிற நேரத்துக்குக் கண் தானாக வாசலுக்குப் போகும்.

பதினைஞ்சு நாள் போயிருக்கும். காலை எட்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோது அவளுடைய ஃபோன் கிணுகிணுத்தது. ஜமால்தீனின் நம்பர்.

"கதவு பூட்டேல்ல, வாங்கோ. இண்டைக்கு நான் எழும்பேல்ல. பள்ளிவாசல்ல சொல்லி என்ர மையத்தைச் சுணங்காமல் அடக்கச் சொல்லுங்கோ. சொல்லிவிட எனக்கு உங்களை விட்டால் வேற ஆருமில்லை, மகள்."