பக்கத்து வீட்டுத் தறி

“இந்த மாசத்தோட காலி பண்ணிருங்க தாயி. பிள்ளைக சத்தம் தாங்கலைன்னு பக்கத்து வீட்டுத் தறிக்காரரு என்னைப் போட்டுப் படுத்துறாரு.”

வீட்டுக்காரர் பால்சாமி இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா விடவில்லை.

“பிள்ளைக இருக்குன்னு சொல்லித்தான அண்ணாச்சி அக்ரிமெண்டு போட்டோம்? பாதியில போகச் சொன்னா எங்க போவேன்? இந்தத் தறிச் சத்தத்துல எம்பிள்ளைக சத்தம் அவருக்கு எப்பிடிக் கேக்கும்?”

பால்சாமி குரலைத் தாழ்த்தினார். “நியாயந்தான். ஆனா அவரு ஒரு மாதிரியான ஆளு. பகைச்சுக்கிட முடியாது தாயி.”

மகள் பெனிட்டா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“நாங்க சத்தமே போடலம்மா. பின்பக்கச் சன்னல்ல அந்த அக்காகிட்டப் பேசுனோம். அதுக்குத்தான் அவரு வஞ்சாரு.”

“எந்த அக்கா?” என்றார் பால்சாமி. “அவரு ஒண்டிக்கட்டையாச்சே!”

“உள்ள பூட்டி வச்சிருக்காருல்ல, அந்த அக்கா.”

ஜெசிந்தா பால்சாமியைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தறிகள் எல்லாம் ஒருசேர நின்றன.

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.