தயக்கமானி

மூட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குமுன் நோயாளியின் தயக்கத்தை அளக்க அந்த மருத்துவமனையில் ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். முள் நூற்றில் பத்தைத் தாண்டினால் ஆபரேஷன் கிடையாது. செண்பகவல்லி ஆறு மாதம் யோசித்து, செய்துகொள்வது என்று முடிவெடுத்து வந்திருந்தாள். நர்ஸ் ரோஸ்லின் அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். தலைமை மருத்துவர் சம்பந்தமூர்த்தி நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். வரவேற்பறையில் அப்படி ஒரு பெரிய படமே மாட்டியிருந்தது. இப்போதும் பட்டையோடு சேர்த்துப் பிடித்தார். முள் தொண்ணூறுக்கு ஓடியது. “இவ்வளவு குழப்பத்தை வச்சுக்கிட்டு எப்படிம்மா ஆபரேஷன் பண்றது?” என்றார். “எனக்கு ஒரு குழப்பமும் இல்லியே சார். கையை விட்டுட்டுப் பாருங்க.” விட்டார். முள் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது. ரோஸ்லின் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவர் ஒற்றை விரலால் பட்டையை மெல்லத் தொட்டார். தொண்ணூற்றைந்து. சுட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். செண்பகவல்லி பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மூட்டைப் பிடித்தபடி எழுந்தாள். “ஒண்ணும் அவசரமில்ல சார். வீட்ல எல்லார்கிட்டயும் கலந்து பேசிட்டு நிதானமாச் சொல்லுங்க. நான் கேண்டீன்ல வடை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”